கணவாய்க் கணக்கு

முகத்துவாரம் துறைமுகம், அதிகாலை மூன்றே கால்.
ஐஸ் பெட்டிக்குள் கணவாய் இன்னும் நிறம் மாறுகிறது:
தவிடு, புகை, ஈரச் சீமெந்து,
பிறகு எதுவும் எழுதாத வெள்ளை.
எந்தச் சுவருக்குப் பொருந்தப் பார்க்கிறதோ.
நிறமே விளங்காத கண்ணாம் அதற்கு.
கண்மணி, பிள்ளை கிறுக்கிய அலை.
மூன்று இதயம், நீல இரத்தம்,
கிலோ ஆயிரத்து அறுநூறு என்று எழுதுகிறேன்.

மர்சலீனுக்கு இன்றைக்கும் ஓங்கில் கதைதான்.
"நூறு இருக்கும் ஐசே, இல்லை, இருநூறு!"
எழும்பி, தன்னைத்தானே முறுக்கி,
பம்பரமாய் விழுமாம் ஒவ்வொன்றும்.
ஒட்டுமீனை உதறுகிறது என்பார்,
அடுத்த மூச்சில் சும்மா விளையாட்டு என்பார்.
ஒவ்வொன்றுக்கும் தனிச் சீழ்க்கை,
அதுதான் பெயர்.
கேட்பது யாரென்று பாராமல்
பெயரைச் சொல்லிக்கொண்டே கடலைக் கடக்கும்.

பிடித்தால் வழக்கு.
பிடிக்காமலும் ஒன்று அவர் வலையில் மூச்சடைத்துச் செத்தது.
அப்போதும் சிரித்தபடிதான் கிடந்தது:
சிரிப்பு அதன் தாடை எலும்பு.
இதைச் சொல்கையில் மட்டும் அவர் கைகள் அசையவில்லை.

நான் மறைவாய்க் கணவாய் பக்கம்.
கொட்டாஞ்சேனை பஸ்ஸில் ஒரு மொழி,
முதலாளியிடம் அதையே கொஞ்சம் குனிந்து,
அம்மா போன் எடுத்தால்
ஜன்னலோரம் மெல்லியதாய் இன்னொன்று.
பயம் என்று சொல்லமாட்டேன்.
பழக்கம் என்று போட்டுக்கொள்ளுங்கள்.

ஓங்கில் பால் கொடுக்கும், கன்றுக்குப் பக்கத்திலேயே நீந்தும்.
கணவாய் முட்டையைப் பாறையிடுக்கில் ஒட்டிவிட்டுச் சாகும்.
தாயைக் காணாத குஞ்சு
யாரிடம் படித்தது இத்தனை ஒளிப்பு?

நாலு மணிக்குக் கை வழுக்கி
ஒரு பெரிய கணவாய் பேரேட்டில் விழுந்து
மைப்பை உடைந்தது.
மர்சலீன் வாங்கிய முன்பணம்,
வட்டி, இயந்திரத் திருத்தம், மூன்று மாத டீசல்,
பக்கம் முழுவதையும் மை குடித்தது.

முதலாளி சிங்களத்தில் கேட்டார், எவ்வளவு இருந்தது?

எனக்கு ஞாபகம் இருந்தது, சதம் சதமாய்.
முகத்தின் நிறத்தை
இருந்த இடத்திலேயே நிறுத்தினேன்.
"தெரியாது," என்றேன்.
தமிழில்.

மர்சலீன் ஒன்றும் பேசவில்லை.
கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.
கொஞ்சம் தள்ளி, லொறிகளுக்கு நடுவிலிருந்து
ஒரு சீழ்க்கை.

அது என் பெயர் இல்லை.
திரும்பிப் பார்த்தேன்.