இல்கோனிஸ் மெயினை அணைக்கிறார்

ரூயெனாவுக்கு வடக்கே, எஸ்தோனிய எல்லை
நடந்துபோகும் தூரத்தில் ஒரு மாட்டுக்கொட்டில்.
பால் அளக்கும் பெட்டிகள் பன்னிரண்டு.
நவம்பரில் மாட்டினோம்.
ஜனவரிக்குள் ஐந்து பெட்டிகளுக்கு
நேற்று என்று ஒன்று இல்லாமல் போயிற்று.
கோப்பு இருக்கிறது, பெயர் இருக்கிறது,
நீளம் பூஜ்யம்.

ஃபேட் போதும் என்று சொன்னவள் நான்தான்.
எந்தக் கணினியும் படிக்கும்,
எல்லோருக்கும் தெரியும்,
அன்று வெள்ளிக்கிழமை மாலை வேறு.

வல்மியெராவிலிருந்து பனியில் வண்டி ஓட்டிப் போய்
அந்திக் கறவை முடியும்வரை நின்று பார்த்தேன்.
கடைசிக் குழாயைக் கழற்றியதும்
இல்கோனிஸ் கையைக் காற்சட்டையில் துடைத்தார்,
சுவர்ப்பெட்டியைத் திறந்தார்,
மெயினைக் கீழே இழுத்தார்.
என் பன்னிரண்டு பெட்டிகளும்
வாக்கியத்தின் நடுவில் செத்தன.

"தினமுமா?"
"தினமும்தான். பக்கத்துப் பண்ணை எரிந்ததிலிருந்து.
தீப்பிடித்தால் உன் கோப்பா வந்து மாட்டை அவிழ்க்கும்?"

கையேட்டில் ஒரு வரி சேர்த்திருக்கலாம்:
முறையாக நிறுத்திய பின்னரே மின்சாரத்தைத் துண்டிக்கவும்.
அந்த வரியை எழுதுகிறவர்கள்
சாணம் மிதித்ததில்லை.

*

இந்தச் சில்லின் குணம் அப்படி.
நீர்மேல் எழுத்தும் இல்லை, கல்மேல் எழுத்தும் இல்லை.
ஒன்றைப் பூஜ்யமாக்கச் சொன்னால் சம்மதிக்கும்.
பூஜ்யத்தை ஒன்றாக்கச் சொன்னால்
ஓர் எழுத்துக்காக ஒரு தொகுதியையே துடைக்கும்.
துடைத்த இடத்தில் இருப்பது வெறுமை அல்ல,
வரிவரியாய் ஒன்று, ஒன்று, ஒன்று.
துடைப்பதற்கும் எண்ணிக்கை உண்டு.
லட்சம் தரம் பொறுக்கும்,
பிறகு வாங்கியதை வாங்கவில்லை என்று சாதிக்கும்.
ஃபேட்டோ தன் அட்டவணையை ஒரே இடத்தில்
மறுபடி மறுபடி மறுபடி.

மார்கெர்ஸ் ஒன்று சொன்னான். பழையது, உழைத்தது,
நாட்குறிப்புப் போல எழுதிக்கொண்டே போகும்.
ஆனால் கண்விழிக்கும்போதெல்லாம்
முதல் பக்கத்திலிருந்து தன்னையே படித்தாக வேண்டும்.
முப்பத்தெட்டு வினாடி.
காலை நாலரைக்கு, மடி கனத்து,
எந்த மாடு பொறுக்கும்?
இன்னொன்று சுறுசுறுப்பு, ஆனால் பெரிய இடத்துப் பிள்ளை.
அதற்கு லினக்ஸ் வேண்டும்.
என்னிடம் இருந்தது
அறுபத்து நான்கு கிலோபைட் குடிசை.

மூன்றாவது சின்னது.
பழையதன்மேல் கைவைக்காது.
புதியதைப் பக்கத்தில் எழுதி முடித்துவிட்டு
கடைசியாய் ஒரே ஒரு சுட்டியைத் திருப்பும்.
அதற்கு முன் மின்சாரம் போனால் நேற்று.
பின்னால் போனால் இன்று.
இரண்டும் கலந்த கஞ்சி கிடையாது.
எழுதும் இடத்தையும் மாற்றிக்கொண்டே இருக்கும்,
ஒரே தோளில் சுமை ஏற்றாமல்.

நம்பினேனா? இல்லை.
மேசையில் ஒரு ரிலேயை வைத்துப்
பத்தாயிரம் முறை அதன் குரல்வளையை நெரித்தேன்.
டிக். டிக். மார்கெர்ஸ் தன் நாற்காலியோடு
சமையலறைக்குக் குடிபோனான்.
ஒன்பதாயிரத்துச் சொச்சத்தில் ஒருமுறை எழவே இல்லை.
அது என் பிழை, அதனுடையதல்ல என்று
தெரிய ஓர் இரவு ஆயிற்று.

*

ஏப்ரலில் நான்காம் பெட்டியைக் கழற்றி
கொட்டிலிலேயே, வைக்கோல் கட்டில் உட்கார்ந்து
சில்லைப் பைட் பைட்டாக வாசித்தேன்.
எல்லாம் ஒழுங்கு.
யாரும் சுட்டாத ஒரு மூலையில்,
துடைக்க இன்னும் முறை வராத தொகுதியில்
0417. ஸீமல்யா. 11.7 லிட்டர்.
பிப்ரவரியில் லாரி ஏறியவள்.
பட்டியலிலிருந்து அவளை நீக்கியதும் நான்தான்.

இல்கோனிஸ் திரையைக் குனிந்து பார்த்தார்.
"அன்று அவளுக்குப் பின்கால் ஊன்றவே முடியவில்லை.
அதோடு பதினொன்றா கொடுத்தாள்?"
"அழித்துவிடட்டுமா?"
"முறை வந்தால் தானாகப் போகும் என்றாயே."

கையைக் காற்சட்டையில் துடைத்தார்.
கொட்டில் இருண்டது.
பதினொரு பெட்டிகள் சத்தமில்லாமல் அணைந்தன.
பன்னிரண்டாவது மட்டும் என் மடியில்,
கணினியின் பாட்டரியில் தொற்றிக்கொண்டு
இன்னும் 11.7 என்றது.