பிழை: முதல் வரி

திருவொற்றியூர்க் குப்பத்தில் இறால் வாங்கினேன்.
கொடுத்த சீட்டின் தலையில் "ரசிது" என்றிருந்தது.
குறில்.
அந்தக் குறில் என்னுடையது.
இரண்டு வருடம் முன்பு, ஜுரத்தோடு,
தேசப்பன் அண்ணனின் ஏலக் கணக்குக்காக
நான் தட்டிய நிரலில் விழுந்தது.

அவர் மச்சான் டில்லிபாபு
பென்டிரைவில் அள்ளிப்போய்
மூன்று இடத்தில் விற்றிருக்கிறான்.
ஓரத்தில் நான் குறித்துவைத்த
"இத அப்பறம் சரி பண்ணணும்"கூட
அப்படியே போயிருக்கிறது.

சண்டை போட வராது எனக்கு.
கொருக்குப்பேட்டை கேட்டில் நின்று
சரக்கு ரயில் முழுதாய்க் கடக்கும்வரை யோசித்து
ராத்திரியே குழப்பும் கருவி ஒன்றை இறக்கினேன்.

பிஎச்பிக்கு ஒளியத் தெரியாது,
எழுதியது எழுதியபடி கிடக்கும்
ரோட்டில் காயும் கருவாடாக.
ஒவ்வொரு பெயருக்கு முன்னும் ஒரு டாலர் வேறு.
எனக்கு வந்தது ஆறாயிரம் ரூபாய், இரண்டு தவணை.

கருவி நான் வைத்த பெயர்களை உருவிப்போட்டது.
படகு, பங்கு, டீசல், பாக்கி,
அஞ்சலை அக்கா கடன்,
எல்லாம் இப்போது
ஐ, எல், ஒன்று: மூன்றும் ஒரே குச்சி.
ஓவும் சுழியும் ஒரே முட்டை.
அறுநூறு வரியை மடித்து மடித்து
ஒரே வரியாக்கியது.
படித்துப் பார்த்தேன்,
யாரோ என்னைத் திட்டுவது போலிருந்தது.

மூன்றரைக்கு போன்.
"இன்னாம்மா, உன் மிசினு படுத்துக்கிச்சு.
சங்கரா வருது, கவளை வருது,
வஞ்சரம் போட்டா மட்டும் செத்துடுது."
பின்னால் விலை கூவும் குரல்கள்.

போய்ப் பார்த்தால் திரையில்:
வஞ்சரம் என்று ஒரு ஃபங்ஷன் இல்லை. வரி 1.

காசிமேட்டில் நின்றுகொண்டு
வஞ்சரம் இல்லை என்கிறது.
வரி ஒன்றாம்.
எங்கே விழுந்தான் என்று கேட்டால்
தண்ணியில் என்பதுபோல்.

ஏலம் ஓடட்டும் என்று பழையதையே ஏற்றினேன்.
டில்லிபாபு பக்கத்தில்தான் நின்றான்,
பீடியோடு, கரிசனமாக.

வீட்டில் பிரின்டரைச் சந்தேகித்தேன்.
பதிப்பைச் சந்தேகித்தேன்: அவரிடம் ஏழு, என்னிடம் எட்டு.
அப்புறம் பாதி நிரலைக் குழப்பி
பாதியைத் தெளிவாக விட்டு ஓட்டினேன்.
ஓடினால் அடுத்த பாதி.
சிலிண்டர் டியூபில் சோப்பு நுரை தடவி
எங்கே குமிழி என்று பார்க்கிற வேலை.

மணலிக் காற்று முட்டை நாற்றத்தோடு
ஜன்னலுக்கு வந்த மதியத்தில் கிடைத்தது.

வஞ்சரத்துக்கு மட்டும் தனிக் கணக்கு,
ஏழு கிலோ தாண்டினால் விலை வேறு.
அதை நேராகக் கூப்பிடாமல்
மேற்கோளுக்குள் பெயரை எழுதிவைத்து
அதைப் படித்துக் கூப்பிட்டிருக்கிறேன்.
கருவி ஆளின் பெயரை மாற்றிவிட்டது,
மேற்கோளுக்குள் கை வைக்கவில்லை.
பழைய பெயர் கூப்பிடுகிறது,
ஆள் அங்கேயேதான் இருக்கிறது,
திரும்பவில்லை.

பெருங்குடியில் ஒரு இன்டர்வியூ.
வீடு எங்கே என்றார்கள்.
பீச் பக்கம் என்றேன்.
"ஓ, பெசன்ட் நகரா?"
காபியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஏழு மாதம் ஓடியது.
ஒருநாள் கேப் டிரைவர் வரவேற்பறையில் நின்று
"கொருக்குப்பேட்ட மேடம் யாரு, கொருக்குப்பேட்ட?"
மூன்று முறை கூப்பிட்டார்.

மாற்றக் கூடாத பெயர்களுக்குக்
கருவியில் ஒரு பட்டியல் உண்டு.
வஞ்சரத்தைச் சேர்த்தேன்.
எதற்கும் இருக்கட்டும் என்று இறாலையும்.
மறுபடி மடித்தேன். ஓடியது.

மறுநாள் விடியலில் தேசப்பன்
முதல் சீட்டைப் படம் பிடித்து அனுப்பினார்.
வஞ்சரம், பதினொன்றே கால் கிலோ.
கீழே: "ரசீதுக்கு நெடிலாமே, எம் பொண்ணு சொல்லுது."

பார்த்தேன்.
அது மேற்கோளுக்குள் இருப்பது.
கருவி தொடவில்லை,
நானும்.