கழிவு

சுவரின் நீளம் முப்பத்தெட்டு மீட்டர் அறுபது.
உயரம் ஓரிடத்தில் இரண்டரை, ஓரிடத்தில் மூன்று;
ஓடை தாழ்கிற இடத்திலெல்லாம்
சுவர் வளர்ந்திருக்கிறது.
டேப்பின் ஒரு முனையைப் போஜன் பிடித்துக்கொண்டான்.
மறுமுனையும் அளவுப் புத்தகமும் என்னிடம்.

ஓடை காப்போம் என்று வந்த பணத்தில்
தூர் வாரியது போக மிஞ்சியதற்கு ஒரு சித்திரம்.
சித்திரத்துக்குப் பில் போடுவது எப்படி என்று
குன்னூர் நகராட்சியில் யாருக்கும் தெரியவில்லை.
சுண்ணாம்பு அடித்தல், இரண்டு கோட்டு,
அந்தத் தலைப்பில் போடுங்கள் என்றார் பொறியாளர்.
போட்டேன்.

அதனால் இந்தச் சோலை, சுண்ணாம்பு.
வேருக்கடியில் கசிகிற முதல் சொட்டு, சுண்ணாம்பு.
மணலை உடுத்திக்கொண்டு நகரும் புழுவும்
நகக்கண் அளவுத் தவளையும்
அயிரையின் வயிற்றில் விழுந்த வெயிலும்
சதுர மீட்டருக்கு இத்தனை ரூபாய்.

கொரட்டி சாரத்தின் மேல் உட்கார்ந்து
வர்க்கியை டீயில் நனைத்துக்கொண்டிருந்தாள்.
நீலம் தீர்ந்துபோச்சு சார், இன்னும் ஒரு டப்பா வேணும்.
எனக்குப் புரியவில்லை.
தண்ணீருக்கு அவள் போட்டிருந்தது
பாசியின் பச்சை, எருமைக் கொம்பின் கறுப்பு,
பாறை தெரிகிற இடத்தில் வெறும் பாறை.
நீலம் எங்கே?
அது குழாய்க்குப் போச்சு.

அப்போதுதான் பார்த்தேன்.
சுவரைத் துளைத்து எட்டிப்பார்க்கும் ஒவ்வொரு குழாய்க்கும்
நல்ல நீலத்தில் ஒரு சட்டம்,
கல்யாணப் போட்டோவுக்குப் போடுவதுபோல்
ஓரத்தில் பூவும் கொடியும்,
கீழே ஓர் எண்.
ஒன்பதில் பிரியாணிக் கடைக் கொழுப்பு.
பதினாலில் நேற்றைய டீத்தூள்.
பத்தொன்பது எதையும் ஒப்புக்கொள்ளாமல்
சொட்டிக்கொண்டிருந்தது.

பாலத்தில் நின்று ஜனம் எண்ணிக்கொண்டிருந்தது.
மேட்டுப்பாளையம் பஸ்ஸைத் தவறவிட்ட ஒருவர்
இருபத்திரண்டு எந்த லாட்ஜு என்று கேட்டார்.
முழங்கால் தண்ணீரில் நின்றிருந்த அருக்காணி
வலையில் சேர்ந்ததை வாரிக் கரையேற்றியபடி,
நம்பரு இல்லாதப்பவே எனக்குத் தெரியுங்க என்றாள்,
யாரும் கேட்கல.

விதி எனக்கு மனப்பாடம்:
அரைச் சதுர மீட்டருக்குக் குறைந்த துளைகளுக்குக்
கழிவு இல்லை.
அளவில் எதையும் கழிக்க வேண்டாம் என்று அர்த்தம்.
எழுதினேன்: துளைகள் நாற்பத்தொன்று. கழிவு இல்லை.
எழுதிவிட்டு நிமிர்ந்தால்
எதிரே நாற்பத்தொரு வாய்.

முப்பத்தாறாம் எண்ணிடம் டேப் மடங்கியது.
நாலு அங்குலம். சாம்பல் நிறம்.
விளிம்பில் ரம்பம் வழுக்கிய ஒரு வெட்டு.
அந்த ரம்பம் என் வீட்டுப் பரணில் இருக்கிறது.
இது எங்கள் தெருவின் பின்புறம் என்று
தெரியாமல் இல்லை;
பின்புறத்தைப் பார்க்க வந்ததில்லை.
குடிவந்த வருஷம் இரண்டு நாள் லீவு போட்டு
எஸ்டிமேட் இல்லாமல், ஒப்புதல் இல்லாமல்
நானே இறக்கிய குழாய்.
அதற்கும் பூ வைத்திருந்தாள்.
மற்றதைவிடக் கவனமாக வைத்ததுபோல் தோன்றியது.
அப்படித்தானே தோன்றும்.

கார்த்திகைக் குளிர்.
அந்தக் குழாயில் மட்டும் ஆவி.
மணி பதினொன்றரை,
மேலே சுகிர்தா சோறு வடிக்கிறாள்.
வெள்ளையாக இறங்கிய கஞ்சி
சுவர்த் தவளையின் காலை நனைத்து
ஓடையில் கலந்து, கொஞ்ச தூரம் தனியாகத் தெரிந்து,
பர்லியார் பக்கம் போனது.

அளவுப் புத்தகத்தில் அடித்தல் திருத்தல் கூடாது.
அடித்தால் பக்கத்தில் சுருக்கொப்பம் வேண்டும்.
‘இல்லை’யை மட்டும் அடித்தேன்.
சுருக்கொப்பம் வைத்தேன்.

விட்றட்டுமா சார் என்றான் போஜன்.
ம்.
முப்பத்தெட்டு மீட்டரும் சரசரவென்று
என் கைக்குள் சுருண்டு வந்தது,
ஈரமாக,
கஞ்சி வாசத்தோடு.