ஜெபத்தில் அது வரும்

ஜெபக்கனியை சயான் ஆஸ்பத்திரியில் சேர்த்து
நான்காவது ராத்திரி.
பெண்கள் வார்டில் நான் தங்கக் கூடாதாம்,
அவள் தங்கை இருக்கிறாள்.
வடா பாவ் பொட்டலத்தோடு தாராவிக்குத் திரும்பினேன்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதற்குள் எல்லாம்:
தண்ணீர்ப் பீப்பாய், தையல் மெஷின்,
பரணுக்கு ஏறும் இரும்பு ஏணி,
மழைக் கசிவு வரைந்த தேசப்படத்தின் மேல்
அவள் ஒட்டிய வசனக் காலண்டர்.
நான்கு நாளாக யாரும் தேதி கிழிக்கவில்லை.

ஷாரோன் பாயை விரித்தாள்.
"ஒன்பதாச்சுப்பா. ஜெபம்."

எனக்கு ஜெபம் தெரியாது.
பன்னிரண்டு வருஷமாக அந்த நேரத்தில்
வாசலில் நின்று பீடி பிடிப்பவன் நான்.
ஞாயிறுகளில் தொண்ணூறடி ரோடு தாண்டி
சபை வாசல்வரை கொண்டுபோய் விடுவேன்.
மழைக்காலத்தில் குடையும் பிடிப்பேன்.
உள்ளே பாட்டு தொடங்கும்போது
எதிர்க்கடையில் கட்டிங் சாய் சொல்லியிருப்பேன்.
வா என்று அவள் ஒருநாளும் இழுத்ததில்லை.
திரும்பி வரும்போது,
"உங்களுக்கும் சேர்த்து" என்பாள்,
ரேஷன் வாங்கி வந்தவள் மாதிரி.

"அம்மா செய்றதைச் செய்ங்க" என்றேன்.
பீடி இருந்தது, தீப்பெட்டியைக் காணோம்.

ஐந்து வயசு அபிசாய் முட்டி போட்டான்.
முக்காட்டுக்கு என் லுங்கியை
இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டான்.
கண்ணை மூடினான். வந்தது அவள் குரல்:

ஸ்தோத்திரம் ஆண்டவரே.
லைன்ல தண்ணி வந்ததுக்கு ஸ்தோத்திரம்.
சுல்தானா அக்காவோட கால்வலி, ஆண்டவரே.
சீட்டுப் பணத்தோட போன ராசாத்தியை
எங்க இருந்தாலும் பட்டினி போடாதேயும்.

முப்பத்தெட்டாயிரம்.
அந்தப் பெயரை இதே வீட்டில்
நான் வேறு விதமாகச் சொல்லியிருக்கிறேன்.

திடீரென்று நிறுத்தினான்.
"ஒரு நிமிஷம் ஆண்டவரே."
எழுந்துபோய்
அடுப்பின் குமிழைத் திருகினான்.
வந்து மறுபடி முட்டி போட்டான்.

"அடுப்பு எரியவே இல்லையேடா."
"மூணு விசிலுக்கு அணைக்கணும்ப்பா.
ஜெபத்துல அது வரும்."
"வரும்" என்றாள் ஷாரோன்,
கண் திறக்காமல்.

கேஸ் கசிகிறதா என்று போய்க் குனிந்தேன்.
குமிழைச் சரிசெய்தேன். முகர்ந்து பார்த்தேன்.
முதுகுக்குப் பின்னால் அவன் தொடர்ந்தான்:

அப்பா டெம்போ பிரேக்கைப் பாத்துக்கும்.
அப்பா வாசல்ல நிக்கிறாங்க ஆண்டவரே,
நிக்கிற இடத்துலயே அவங்களோட இரும்.

ஒரு கண்ணைத் திறந்தான்.
"இன்னிக்கு அடுப்புகிட்ட இருக்காங்க"
என்று திருத்திச் சொல்லிவிட்டு மூடிக்கொண்டான்.

அதோடு தீர்ந்துபோனது.
அம்மாவுக்கென்று ஒன்றும் அதில் இல்லை.
அவள் கேட்டதே இல்லை போலிருக்கிறது.
அவனுக்கு எப்படித் தெரியும்.
லுங்கி முக்காட்டுக்குள் உதடு துடிக்க
அங்கேயே நின்றுவிட்டான்.
ஷாரோன் என்னைப் பார்த்தாள்.

அடுப்பு மேடையைப் பிடித்தபடி உட்கார்ந்தேன்.
என்ன சொல்லித் தொடங்குவார்கள்?
கவுண்டரில் கேட்பதுபோல
யாரோ கேட்பதாக வைத்துக்கொண்டேன்.

ஜெபக்கனி.
வயசு முப்பத்தி நாலு.
ஒன்பதாம் வார்டு, ஜன்னலோரக் கட்டில்.
கேஸ் பேப்பர் நம்பர்கூட ஞாபகம் வந்தது.
எங்கே ஆமென் சொல்ல வேண்டும் என்று தெரியாததால்
சொல்லிக்கொண்டே போனேன்:
இடது பக்கம் படுக்க மாட்டாள்,
ஊசி போடும்போது அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள்,
சாயில் சர்க்கரை அரை ஸ்பூன்தான்,
வலித்தாலும் வலிக்கிறதென்று சொல்ல மாட்டாள்,
நீங்கள்தான் கேட்க வேண்டும்