உமிச் சாம்பல்

நெல் ஒரு சுரங்கத் தொழிலாளி என்று
ஆய்வறிக்கையில் எழுதியிருந்தேன்.
வழிகாட்டி சிவப்பு மையால் அடித்தார்.
சரி, இங்கே எழுதிக்கொள்கிறேன்.

குடகுப் பாறையை மழை கரைக்கிறது.
கரைந்தது கண்ணுக்குத் தெரியாமல்
கல்லணை மதகு தாண்டி வருகிறது.
வேர் அதைப் பொறுக்குகிறது,
நூற்றுப்பத்து நாள், கூலியில்லாமல்.
தண்டு வழியே ஏற்றி
உமியில் கொண்டுபோய் அடைக்கிறது.
அரிசி உலைக்குப் போய்விட்டது.
மிச்சம் என் தாது.

நூறு கிலோ உமிக்கு இருபது கிலோ சாம்பல்.
அந்த இருபதில் பதினெட்டு சிலிக்கா.
எந்த மலையை வெட்டினால்
இந்தக் கணக்கு வரும்?

பாபநாசம் அரவை மில்லில்
கொதிகலனுக்கு உமி தள்ளும் அமிர்தகடேசன்
என் வெப்பமானியை நம்புவதில்லை.
"எண்ணூறு தாண்டிட்டு" என்பார்
சுடரின் நிறத்தைப் பார்த்து.
தாண்டியிருக்கும்.
தாண்டினால் சிலிக்காவுக்கு ஒழுக்கம் வந்துவிடும்:
வரிசை கட்டும், பளிங்காகும்,
தூசியாய் நெஞ்சுக்குள் போய் அறுக்கும்.
நான் சொல்லும்போது இருமிக்கொண்டே கேட்டார்.
ஒரு பெட்டி முகமூடி கொடுத்தேன்.
அடுத்த முறை போனபோது,
"சாம்பல் அள்ற பையன்கிட்ட குடுத்திட்டேன்,
அவனுக்கு இருபத்திரண்டு வயசுதான் ஆவுது" என்றார்.

எனக்கு வேண்டியது ஒழுங்கற்றது.
எக்ஸ்ரே வரைபடத்தில் ஊசி எழுந்தால் தோல்வி.
போர்வைக்குள் யாரோ புரண்டு படுத்ததுபோல்
சோம்பலாய் ஒரு மேடு எழுந்தால்
அன்றைக்கு ஹபீப் எல்லோருக்கும் டீ சொல்வார்.

இருபத்திமூன்று ஊர், இருபத்திமூன்று பை.
அறுநூற்றைம்பது டிகிரி, இரண்டு மணி நேரம்.
திருக்காட்டுப்பள்ளி, பால்.
கும்பகோணம், கொஞ்சம் நரை.
நீடாமங்கலம் பரவாயில்லை.
தலைஞாயிறு கறுப்பு.
மறுபடி சுட்டேன்.
கறுப்பு.
உலையைத் துடைத்துவிட்டு ஹபீப் சுட்டார்.
கறுப்பு; போதாதென்று
மூசையின் அடியில் கண்ணாடிபோல் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பையைக் கட்டிக் கொடுத்த மில்காரம்மா செங்கமலம்
"ஊதினா பறக்குறதுல என்னம்மா ஆராய்ச்சி" என்று சிரித்திருந்தார்.

உப்பு.
ஆறு வந்து சேராத தை மாதத்தில்
ஆழ்துளை வழியே ஏறி வந்த கடல்.
வயல் எதைக் குடித்ததோ அது உமியில் இருக்கிறது.
சூட்டில் முதலில் உருகுவது அதுதான்,
உருகிக் கரியைத் தனக்குள் பூட்டிக்கொள்ளும்.
பிறகு எத்தனை மணி எரித்தாலும்
வெளியே விடாது.

வருடா வருடம் மனுவில் எழுதிக் கொடுத்தது
ஒரு பீங்கான் மூசையில்
நூற்றிருபது நிமிடத்தில் எழுதப்பட்டிருந்தது.

"விலகல் புள்ளி," என்றார் வழிகாட்டி.
"எடுத்துவிடு.
இல்லையென்றால் எல்லாவற்றையும் அமிலத்தில் கழுவிச் சுடு."

கழுவினேன். ஒரு மணி நேரக் கொதி, ஐந்து அலசல்.
வெளுத்தது.
தலைமடையும் கடைமடையும்
ஒரே வெள்ளை.
இனி எல்லாப் பைக்கும் ஒரே பெயர்:
தொண்ணூற்றொன்பது புள்ளி நான்கு.
சிலிக்கான் செய்ய வாங்குகிறவர்
ஊர் கேட்கமாட்டார்.
கட்டுரை ஏற்கப்பட்டது.
கழுவாதவற்றின் அட்டவணை
பின்னிணைப்புக்குக்கூடப் போகவில்லை,
நானும் வற்புறுத்தவில்லை.

கழுவிய நீரில் சுண்ணாம்பு போட்டுத்
தொட்டியில் ஊற்றவேண்டும், அது விதி.
இருபத்திரண்டு ஊரை ஊற்றினேன்.
ஒன்றை மட்டும் புகைபோக்கிக்கு அடியில்
பீக்கரில் வற்றவிட்டேன்.
திங்கட்கிழமை பார்த்தால் அடியில் ஒரு தோல்,
மஞ்சள் பாய்ந்த வெள்ளை.

"இதுக்கு என்ன லேபிள்?"
பென்சிலால் ஊர்ப்பெயர் எழுதினேன்.
ஹபீப் தேதி கேட்டார்.
எதை எழுதுவது,
வற்றி முடிந்த தேதியா,
தண்ணீர் வராமல் போன தேதியா.