கோட்டையில் கோட்டை இல்லை

நேர்முகத்தில் முதல் கேள்வியே அதுதான்:
"கோட்டை எங்க இருக்கு?"
"இடிச்சுப் போட்டாங்கள், சேர். வெள்ளைக்காரன்தான்.
பெயரை மட்டும் விட்டுட்டுப் போயிட்டான்."
லாஃபிர் சிரித்தார். மேசையில் பாதி கடித்த பட்டிஸ்.
"அப்ப, இல்லாத ஒண்டைக் காட்டத் தெரியுமா?"

ஏழு மாதம் பம்பலப்பிட்டியில் ஜெர்மன் படித்தவள் நான்.
டோர்ட்முண்டில் ஒரு புருஷன்,
அவரிடம் போய்ச் சேர ஒரு சோதனை,
சித்தி என்று ஒரு சான்றிதழ்,
இயலாது என்று தூதரகக் கடிதம்,
இரண்டு வருடம் கழித்து விவாகரத்து.
எல்லாம் ஒரே நீலக் கோப்பில்.
மிஞ்சியவை வினைச்சொற்கள்.
நீண்ட வசனங்களில் அவையும்
தமிழில் போலக் கடைசியில் போய்க் குந்தும்.
மூச்சு முட்ட அதுவரை காத்திருக்க வேண்டும்
என்ன நடந்ததென்று அறிய.

நவம்பர் முதல் மார்ச் முடிய வேலை.
கப்பல் வந்தால் கூலி.
வராவிட்டால் இல்லை என்பதை அவர் சொல்லவில்லை,
தாளின் பின்பக்கம் இருந்தது.
ஒரு செம்மஞ்சள் குடை தந்தார்கள்.
கழுத்தட்டையில் மூன்று மொழி, தமிழில் மட்டும் பிழை:
பிருந்தாஜினி என்ற என்னை
'பிரிந்தா' என்று அடித்திருந்தார்கள்.
கோப்பைப் படித்துவிட்டார்களோ என்று நினைத்தேன்.

"இதை மணிக்கூடாகத்தான் கட்டினார்கள்,
பிறகு உச்சியில் விளக்கு வைத்தார்கள்,
கப்பல்களுக்கு.
கட்டடங்கள் வளர்ந்து வெளிச்சத்தை மறைக்க,
விளக்கு வேறிடம் போனது.
மணி மட்டும் பார்க்கிறது இப்போது."
தலையாட்டுவார்கள். தண்ணீர் குடிப்பார்கள்.

சொல்லாதது:
இந்தத் தெருமுனைத் தடுப்பில், பதினாறு வயதில்,
பள்ளிப் பையைக் கொட்டிக் காட்டினேன்.
கொம்பாஸ் பெட்டி, சாப்பாட்டுப் பெட்டி,
பொலிஸ் பதிவுத் துண்டு,
பழைய துணியில் சுற்றி ஒளித்த ஒன்று.
அதையும் பிரிக்கச் சொன்னான்.
அந்த இடத்தில்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள்.
வடிவான வெளிச்சம், ஒன்பது மணிக்கு.
குடையைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறேன்,
யாரும் தொலைந்துவிடக் கூடாதே.

சுமித் என்னைவிட ஆறு வயது இளையவன்,
சிங்களத்தில் 'அக்கே' என்பான், டிப்ஸை எண்ணும்போது மட்டும் பேசமாட்டான்.
கெய்மன்ஸ் கேட் மணிக்கூண்டடியில் அவன் கதை,
ஒல்லாந்தர் காலத்து அகழி முதலைகள்.
நவம்பரில் ஒன்று. தைப்பொங்கலுக்குள் மூன்று.
மாசியில் ஏழு முதலைகள், ஒன்றுக்குக் கண் தெரியாது.
"குருட்டு முதலைக்குத்தான் காசு விழுது, அக்கே."

ஒரு வியாழக்கிழமை, சிவப்புப் பள்ளிவாசல் முன்,
வெயிலில் சிவந்த ஒரு பெண் கேட்டாள்,
எங்கே படித்தாய், இவ்வளவு நல்ல ஜெர்மன்?
ஊர் எது என்று நான் திருப்பிக் கேட்டேன்.
டோர்ட்முண்ட்.
நாட்டாமை ஒருவர் துணிக்கட்டு வண்டியோடு
"வழி, வழி" என்று எங்களைப் பிளந்து போனார்.
அந்தத் தெருப் பெயரைச் சொன்னேன்,
இலக்கத்தோடு. மனப்பாடம்.
கண்ணைச் சுருக்கி யோசித்தாள்.
"அங்கே பார்க்க ஒன்றும் இல்லையே" என்றாள்.
நன்றி சொன்னேன். தோடம்பழச் சாறு நல்ல கடை காட்டினேன்.

சித்திரை பிறக்க முன்னம் கடைசிக் கப்பல்.
குடையைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வைத்தேன்.
ஒரு கம்பி வளைந்ததற்கு முன்னூறு ரூபாய் கழித்தார்கள்.
"நவம்பர்ல கோல் பண்ணுறன்" என்றார் லாஃபிர்,
நிமிரவில்லை.

வெளியே மழை.
வெள்ளவத்தைப் பக்கம் நின்று இறங்கி
எதிர்ப்பக்கம் பார்க்கிறேன்:
மிதிபலகையில் தொங்கும் நடத்துனர்
"கொட்டுவ, கொட்டுவ, கொட்டுவ" என்று
இல்லாத ஒன்றைக் கூவிக்கொண்டிருக்கிறான்.
இருக்கை இல்லை. ஆனாலும் ஏறுகிறது சனம்.