எலிக்கடி

சாஸ்கடூனில் பிப்ரவரி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
பற்றாசுப் பசை டப்பா குளிர்பெட்டியில்,
தயிருக்கும் பச்சைமிளகாய்க்கும் நடுவே.
‘தொடாதே, தின்பண்டமில்லை’ என்று தர்மினி ஒட்டிய சீட்டில்
ஈரம் போக மிஞ்சியது ‘தொடா’ மட்டும்.

வெளியே எடுத்து நாலு மணிநேரம்
மூடியைத் திறக்கக் கூடாது.
திறந்தால் அறையின் ஈரம் பசையில் இறங்கும்,
அடுப்பில் பொரியும், குட்டிக் குண்டுகளாய்த் தெறிக்கும்.
ஒரு தட்டைப் பாழாக்கிப் படித்த பாடம்.

பெட்ரிஷினின் கனோலாக் குதிர்கள் எட்டு.
குதிருக்கு மூன்று வெப்பமானி,
தீப்பெட்டி அகலத்தில் பச்சைப் பலகை.
ஒவ்வொன்றாய்ப் பசை தேய்த்தால் வசந்தம் வந்துவிடும்.
ஆறாறாகக் கோத்தோம் ஒரே தட்டில்,
கீறல் போட்ட கடலைமிட்டாய்போல.
பலகைக்கும் பலகைக்கும் இடையே சிறு பாலம்,
பாலத்தில் வரிசையாய் ஐந்து பொடித்துளை.
தொழிற்சாலைப் பாஷையில் அதற்கு
எலிக்கடி என்று பெயர்.

அனுப்புமுன் தாளில் அச்சடித்தோம், அதே அளவில்.
உறுப்புகளை ஒவ்வொன்றாய் அதன்மேல் உட்காரவைத்தோம்.
எல்லாம் பொருந்தின.
கனெக்டர் மட்டும் இன்னும் தபாலில் இருந்தது.
கனெக்டர் மட்டும் கண்ணாடிப் பிம்பமாய் வரையப்பட்டிருந்தது.

முப்பதையும் முடிக்காமல்
ஒன்றை மட்டும் முதலில் முடித்ததால் பிழைத்தோம்.
பலகையைக் குப்புறப் போட்டு
முதுகுப்பக்கம் பற்றவைத்தேன்.
அசிங்கம்தான். வேலை செய்தது.

அதே இரவு, டோஸ்டர் அடுப்பின் கண்ணாடிக்குள்
ஒரு கெப்பாசிட்டர் எழுந்து நின்றது.
ஒரு காலடியில் அகலச் செம்பு, மறு காலடியில் நூலிழை;
மெலிந்த பக்கம் முந்தி உருகி
இழுத்து நிமிர்த்திவிட்டது.
எள்ளளவு நடுகல்.
எந்தப் போரில் விழுந்த யாருக்கோ.
இரண்டு பக்கமும் ஒரே அகலம் கொடு என்று
சுவரில் எழுதிவைத்தாள் தர்மினி, மார்க்கரில்,
வாடகை வீடு என்பதை மறந்து.

பிறகு ஒடித்தேன். மடக், மடக், மடக்.
சுகமான சத்தம். டீ குடித்துக்கொண்டே ஒடித்தேன்.

பன்னிரண்டாம் நாள் ஐந்தாம் குதிரில் ஒன்று மௌனம்.
“எலி,” என்றார் பெட்ரிஷின் போனில்,
“வயரைக் கடித்திருக்கும், இந்த வருஷம் அதிகம்.”
வயரில் பல் படவில்லை.
கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தால்,
டாக்டரைக் கண்டதும் எழுந்து உட்காரும் காய்ச்சல்காரன்போல
மேசைமேல் ஒழுங்காய்ப் பேசியது.

உறைபெட்டியில் வைத்தோம், மீன் பொட்டலத்தின் மேல்.
ஆறு நிமிஷம். செத்தது.
பூதக்கண்ணாடியில் C7:
மயிரிழை விரிசல், உடலின் குறுக்கே.
எலிக்கடியிலிருந்து ஒரே மில்லிமீட்டரில்
விளிம்பை முட்டிக்கொண்டு நிற்கிறது.
ஒடித்த வளைவு அதன் இடுப்பு வழியாகப் போயிருக்கிறது.

வரைந்தவள் அவள். ஒடித்தவன் நான்.
இருவரும் ஒன்றும் பேசவில்லை.
குதிர்களில் மீதி இருபத்துமூன்று,
எத்தனையின் வயிற்றில் இந்த மயிரிழை?

விடியுமுன் திருத்தினோம்.
C7 ஐந்து மில்லிமீட்டர் உள்ளே,
விளிம்புக்கு இணையாகப் படுத்தபடி.
ஒடிப்பதில்லை இனி; கட்டரால் நறுக்கி
பிசிறை அரம் கொண்டு தேய்ப்பது.
பழையதும் புதியதும் கலந்துபோகாமலிருக்க
பலகையின் மூலையில் வெள்ளை எழுத்தில் ‘இரண்டு’.
சோதிக்கும் ஊசிக்கென்று நான்கு வெற்றுப் புள்ளிகள்,
போனமுறை இடமில்லை என்று நான் அழித்தவை.

மார்ச்சில் இருபத்துநான்கையும் மாற்றினோம்,
விரல் மரத்துப்போக, எங்கள் செலவில்.
ஏணியடியில் நின்று கேட்டார் பெட்ரிஷின்:
“கடைசியில் எலிதானே?”
தர்மினி என்னைப் பார்த்தாள்.
“ஆமாம்,” என்றாள், “எலிதான்.”

அடுத்த வாரம் காசோலையோடு
ஓர் எலிப்பொறியும் தபாலில் வந்தது.